ரெண்டு கை உரம்

அந்தச் சாக்கைக் காலுக்கடியில போட்டு அமுக்காதம்மா. குருத்து ஒடிஞ்சா அப்புறம் அந்தக் கன்னு கன்னே இல்ல. இங்க குடு, என் மடியில வச்சுக்கறேன். நான் மன்னார்குடி வரைக்கும் போறவ, மடி சும்மாதான கெடக்கு. ரெண்டு கன்னா? பட்டுக்கோட்டையில வாங்குனியா? செவ்விளநீர்க் குட்டை. பாத்தாலே தெரியுதே, மட்டையோட அடி செவந்திருக்கு பாரு. கொல்லையில வைக்கவா? வையி, வையி. நல்லா வந்துச்சுன்னா மூணு நாலு வருசத்துல நின்ன எடத்துல நின்னே கையால பறிச்சுக்கலாம்.

அது என்ன பொட்டலம்? யூரியாவா?

ம். தூக்கி எறின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்க தோப்புல நடந்ததக் கேட்டுட்டு அப்புறம் வையி. மதுக்கூர் வர்றதுக்கே இன்னும் நேரம் இருக்கு.

எங்களுக்குச் சேதுபாவாசத்திரம் பக்கம். வாசல்ல நின்னா கடல் காத்து மூஞ்சில அடிக்கும். கஜா புயல் வந்துச்சே, அன்னைக்கு எங்க தோப்புல ஒரு மரம் நிக்கல. எல்லாம் நெட்டை மரம், எங்க மாமனாரு வச்சது. விடிஞ்சு போய்ப் பாக்கறோம், எல்லாம் ஒரே பக்கமா தலையைச் சாய்ச்சுப் படுத்துக் கெடக்கு. எங்க வீட்டுக்காரரு அழுவல. ஒரு மரத்து மேல ஏறி உக்காந்தவரு மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. அப்புறம் மரத்தையெல்லாம் அறுத்து ஏத்தி, வேரைத் தோண்டி, ஒரு வருசம் மண்ணை ஆறப்போட்டு, பொறவு குட்டைக் கன்னு வாங்கியாந்து வச்சாரு. ஏன் குட்டைன்னு நான் கேக்கல. அப்ப நாங்க பேசிக்கறதில்ல.

சிரிக்காத. நெசமாத்தான். ஒரே வீட்டுல, ஒரே ஒலையில சோறு. பேச்சு மட்டும் கெடையாது.

எங்களுக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. புயலுக்கு அப்புறம் ஊரு பூரா கரண்டு இல்லாம கெடந்துச்சுல்ல, அப்ப கம்பம் நடறதுக்கு வெளியூர்லேருந்து ஆளுங்க வந்தாங்க. அதுல மன்னார்குடிப் பையன் ஒருத்தன். எங்க வீட்டு வாசல்லதான் தண்ணி வாங்கிக் குடிப்பான். தண்ணி குடுத்தது எம் பொண்ணு. கரண்டு வந்துச்சு, அவன் போனான், கொஞ்ச மாசத்துல இவளும் போயிட்டா. நம்ம ஆளுங்க இல்ல. கோயில்ல தாலி கட்டி, ரிஜிஸ்டர் பண்ணி, போட்டோ அனுப்பறா. இவரு போட்டோவப் பாத்தாரு. "இனிமே இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். "அவ பேரை எடுக்கக் கூடாதுன்னா, உங்க பேரையும் நான் எடுக்க மாட்டேன். உங்ககூட எனக்குப் பேச்சே இல்ல"ன்னேன்.

நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதுக்காக ஒரு மனுசன் அதோட வாயவே மூடிக்குவாரா? நீயே சொல்லு. அம்புட்டு வீம்பு. நான் அப்பிடி மனசுல எதையும் வச்சுக்கற ஆளில்லம்மா. வந்து பேசியிருந்தா பேசியிருப்பேன். வந்து பேசணும்ல?

ஏதாச்சும் சொல்லணும்னா பசுமாட்டுக்கிட்டச் சொல்லுவோம். அவரு மாட்டைப் பாத்து, "இன்னைக்கு வெளியூரு போறேன், சாப்பாடு வேண்டாம்"பாரு. நான் மாட்டைப் பாத்து, "அரிசி தீந்துபோச்சு"ம்பேன். அதுவும் அசை போட்டுக்கிட்டே ரெண்டு பேரையும் பாக்கும். இப்பிடியே ரெண்டு வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு.

சரி, கன்னுக்கு வர்றேன்.

எங்க தோப்பும் எங் கொழுந்தன் தோப்பும் ஒட்டு. நடுவுல ஒரு வரப்புதான். சிங்காரவேலுன்னு பேரு, இவருக்கு ஒரே தம்பி. அவனும் அதே பருவத்துலதான் குட்டைக் கன்னு வச்சான். எங்க போர்ல உப்புத் தண்ணி ஏறிப்போச்சு. பழைய மோட்டாரு கொட்டாயி மட்டும் மொட்டையா நிக்கிது. அவன் போர்ல நல்ல தண்ணி. அவன்தான் பைப் போட்டு எங்க பக்கத்துக்கும் விட்டுக்கிட்டிருந்தான். இல்லேன்னு நான் சொல்லல. தண்ணி விட்டான்.

ஆனா பாரு, அவன் கன்னு தளதளன்னு எழும்புது. ஒரு மட்டை விரியறதுக்குள்ள அடுத்த குருத்து ஈட்டியாட்டம் நிக்கிது. எங்க கன்னு அப்பிடியே கெடக்கு, சவலப்புள்ள மாதிரி. வரப்புல நின்னு இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பாப்பேன். வயிறு எரியும். பொறாமையெல்லாம் இல்ல. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. இருந்தாலும் ஒரே மண்ணு, ஒரே தண்ணி, அப்ப ஏன்னு இருக்கும்ல?

சித்திரையில ஒரு கோடை மழை லேசா தூறிட்டுப் போச்சு. சரி, ஈரம் இருக்கும்போதே உரம் வைப்போம்னு யூரியா, பொட்டாசு எல்லாம் கலந்து எடுத்துக்கிட்டு சாயங்காலம் தோப்புக்குப் போனேன். உரம் வைக்கிறது எப்பவும் அவரு வேலை. ஆனா அவரு வச்ச மாதிரியே தெரியல. கேக்கவா முடியும்? சுகந்திக்குப் போன் போட்டு இந்த மாதிரி உரம் வைக்கப் போறேன்னேன். "அப்பா வச்சாரான்னு கேட்டுட்டு வையிம்மா"ன்னா. "நான் எதுக்குக் கேக்கணும்? வேணும்னா அவரு வந்து சொல்லட்டும்"னு சொல்லிட்டேன்.

தண்டுலேருந்து ஒரு அடி தள்ளி, வட்டமா பாத்தி எடுத்து, உரத்தைத் தூவி, மண்ணை மூடி, தண்ணி விடணும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவ்வளவு தூரத்துல போட்டா அந்தச் சின்ன வேரு எப்பிடிம்மா எட்டித் திங்கும்? அதான் கழுத்தை ஒட்டியே வச்சேன். வாயில ஊட்டி விடற மாதிரி. சொன்ன அளவவிட ஒரு பிடி கூடத்தான் வச்சேன். பச்சப்புள்ளைக்கு ஒரு கரண்டி நெய் கூட விட்டா என்ன ஆயிடப்போவுதுன்னு.

வச்சு முடிச்சு, மண்ணைத் தள்ளி மூடிட்டு, அப்பிடியே வரப்புல உக்காந்து மறுபடியும் சுகந்திகிட்டப் பேசினேன். அவளுக்கு அப்பதான் பொண்ணு பொறந்து நாலஞ்சு மாசம். வீட்டுலேருந்து பேச முடியுமா? அவரு இருப்பாருல்ல. அதான் தெனம் சாயங்காலம் தோப்புல வந்து பேசறது. எனக்கு ஒரு காது மந்தம். அதனால ஸ்பீக்கரப் போட்டு சத்தமாத்தான் பேசுவேன். கொழந்தை வாய்கிட்டப் போனை வைப்பா. அது "ங்ஙா, ங்ஙா"ன்னு என்னென்னமோ சொல்லும். காக்கா குருவியெல்லாம் கூட வந்து கேக்கும் போ.

ஒரு வாரம் இருக்கும். கன்னு நுனியெல்லாம் கருகுது. முதல்ல அடிமட்டை. யாரோ தீக்குச்சியைக் கிழிச்சு நுனி நுனியாக் காட்டுன மாதிரி. அப்புறம் மேல் மட்டை. அப்புறம் குருத்து தொவண்டு சாயுது. அந்தப் பக்கம் பாத்தா சிங்காரவேலு கன்னு ஒண்ணு கூட வாடல. வரப்புதான் எல்லை. அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் மட்டும் கருகுது.

நீயா இருந்தா என்ன நெனப்ப?

அதேதான் நானும் நெனச்சேன். களைக்கொல்லி அடிச்சுட்டான்னு. ரெண்டு நாளைக்கு முன்னாலதான் முதுகுல தெளிப்பானை மாட்டிக்கிட்டு வரப்புல நின்னதைப் பாத்தேன். வேற என்ன வேணும்? அண்ணனுக்கு ஆம்பளப் புள்ள இல்ல, பொண்ணும் போயிட்டா, தோப்பு காஞ்சா நமக்குத்தானன்னு நெனச்சிருப்பான். அப்பிடித்தான் எனக்குத் தோணுச்சு. தோணுனது தப்பில்லையே.

நேரா அவன் வீட்டுக்குப் போனேன். போனப்ப வாசல்ல ஒரு வேன் நிக்கிது, நாலஞ்சு ஜோடி செருப்பு கெடக்கு. அவன் பொண்ணு மதிவதனியைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. எனக்கு எப்பிடித் தெரியும்? என்னைக் கூப்புடல. கூப்புட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அப்ப எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. வாசல் மண்ணை ரெண்டு கையாலயும் வாரித் தூத்துனேன். "எம் புள்ளைங்களைக் கருக்குனவன் குடும்பம் தழைக்குமாடா? உன் வீட்டுலயும் குருத்து கருகும்டா"ன்னு கத்துனேன். உள்ள காப்பித் தம்ளரோட நின்ன சனமெல்லாம் எட்டிப் பாக்குது. சிங்காரவேலு ஓடியாந்தான்.

"அண்ணி, என்ன அண்ணி இது? உள்ள வாங்க, எதுவா இருந்தாலும் உள்ள வந்து பேசுங்க."

"உன் வீட்டுல இனிமே கால வைக்க மாட்டேன்டா. களைக்கொல்லி அடிச்ச கையி அழுவிப்போகும்."

"நானா? அண்ணி, அம்மா செத்தப்புறம் உங்க கையாலதான சோறு தின்னேன் நான்."

"அந்தச் சோத்துக்குத்தான்டா இப்பக் கைம்மாறு பண்ணியிருக்க."

மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டான். வந்தவங்க அரை மணி நேரத்துல கெளம்பிட்டாங்களாம். அந்தச் சம்பந்தம் நின்னுபோச்சு. அதுக்கும் நான்தான் காரணம்னு ஊருல சொல்றாங்க. ரெண்டு வார்த்தை கேட்டுட்டு ஓடுறவன் எல்லாம் என்ன மாப்புள்ளையா? நாளைக்கு அந்தப் பொண்ணை வச்சுக் காப்பாத்துவானா? நல்லதாப்போச்சுன்னுதான் நான் நெனைக்கறேன்.

மறுநாளு பைப்பை மூடிட்டான்.

சரியா கோடை உச்சி. கன்னு மூட்டுல மண்ணு பாளமா வெடிச்சிருச்சு. எங்க வீட்டுக்காரரு பிளாஸ்டிக் குடத்துல ஊருக் கொழாய்லேருந்து தண்ணி தூக்குறாரு. இந்த வயசுல. தூக்கிட்டு வந்து ஊத்தறதுக்குள்ள மண்ணு உறிஞ்சிடும். என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கி மாட்டுக்கிட்டச் சொன்னாரு: "அவன் அப்பிடிப் பண்றவன் இல்ல." நானும் மாட்டுக்கிட்டத்தான் சொன்னேன்: "தம்பின்னா சிலருக்குக் கண்ணு தெரியாது."

அப்புறம் அவரே போயி வேளாண்மை ஆபீசுலேருந்து ஒரு அம்மாவக் கூட்டியாந்தாரு. சின்ன வயசு, உன் வயசு இருக்கும். அந்த அம்மா வந்து மட்டையப் பாத்துச்சு, குருத்தை லேசா இழுத்துப் பாத்துச்சு. அப்புறம் ஒரு கம்பை எடுத்து மூட்டுல கிண்டுச்சு. உள்ள கருகருன்னு வேரு. அதைச் சுத்தி இன்னும் கரையாத உரம் வெள்ளையா ஒட்டிக்கெடக்கு.

"களைக்கொல்லியெல்லாம் இல்லைம்மா. உரம் தாறுமாறாக் கூடிப்போயிருக்கு. அதுவும் கழுத்துலயே. வேரு வெந்துபோச்சு. எத்தனை தடவை வச்சீங்க?"

"நான் ஒரே தடவைதான் வச்சேன்"னேன்.

அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தவரு, "நானும் ஒரு தடவைதான் வச்சேன்"னாரு.

அந்த அம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குது. என்னை அறியாமயே அவரு மூஞ்சிய நேராப் பாத்துக் கேட்டுட்டேன்.

"நீங்க எப்ப வச்சீங்க?"

"மழை தூறிட்டுப் போச்சே, அன்னைக்குச் சாயங்காலம்."

"அன்னைக்குச் சாயங்காலம் நான்தான தோப்புல இருந்தேன். உங்களைக் காணலையே."

அவரு துண்டை எடுத்துக் கழுத்தைத் தொடைக்கறாரு. தொடைச்சுக்கிட்டே நிக்கிறாரு. "நான் வந்தப்ப நீ போன்ல பேசிக்கிட்டிருந்த. மோட்டாரு கொட்டாய்க்குப் பின்னால நின்னேன். நீ பேசி முடிக்கட்டும்னு. நீ போனப்புறம் வச்சேன். இருட்டு கட்டிருச்சு, மூட்டுல என்ன கெடக்குன்னு தெரியல."

"அன்னைக்கு மட்டும்தானா?"

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

பாத்தியாம்மா? இத்தனை நாளும் பின்னால நின்னு ஒட்டுக் கேட்டிருக்காரு. தாயும் மகளும் ஆயிரம் பேசுவோம். மாமியாருகிட்ட அது படற பாடு, புருசன் சம்பாத்தியம், இவரைப் பத்தியே எவ்வளவோ பேசியிருப்பேன். அம்புட்டையும் கேட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து சோறு தின்னுருக்காரு. எனக்கு வந்த ஆத்திரத்துல கன்னு கருகுனது கூட மறந்துபோச்சு. அந்த ஆபீசரு அம்மா மட்டும் இல்லேன்னா அங்கயே பிச்சு எடுத்திருப்பேன்.

அந்த அம்மா சொல்லுச்சு, "இப்ப சண்டைக்கு நேரமில்ல. மூட்டுல இருக்கற உரத்தை வழிச்சு எடுத்துப்போடுங்க. பாத்தி நெறையத் தண்ணி விட்டு ஊற விடுங்க. வடிஞ்சதும் மறுபடியும் விடுங்க. மிச்சம் இருக்கறது கரைஞ்சு கீழ எறங்கணும். தண்ணிதான் மருந்து, வேற ஒண்ணும் இல்ல. நல்ல தண்ணியா இருக்கணும், உப்புத் தண்ணி ஆகாது."

நல்ல தண்ணி எங்க இருக்கு? வரப்புக்கு அந்தப் பக்கம்.

அவரு தம்பி வீட்டுக்குப் போகக் கெளம்புனாரு. நாலு எட்டு வச்சாரு, நின்னுட்டாரு. போக முடியல அவரால. சரின்னு நானே போனேன். எனக்கென்ன, நான் எதையும் மனசுல வச்சுக்கறவ இல்ல. சிங்காரவேலு கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். அப்பவும் எந்திரிச்சு நின்னான் பாரு. அவன் பொண்டாட்டி கதவுகிட்ட வந்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டா.

"களைக்கொல்லி இல்லையாம். உரம் கூடிப்போச்சாம். பைப்பைத் தொறந்து விடு"ன்னேன். அதுல எல்லாம் வந்துருச்சுல்ல? வேற என்ன சொல்லணும்?

அவன் தரையவே பாத்துக்கிட்டு நின்னான். அப்ப உள்ளேருந்து மதிவதனி வந்துச்சு. "வாங்க பெரியம்மா"ன்னு ஒரே வார்த்தை. எனக்கு முன்னால விறுவிறுன்னு தோப்புக்குள்ள நடந்துச்சு. குனிஞ்சு வால்வைத் திருகுச்சு. மூடுனதுலேருந்து திருகாம இறுகிக் கெடந்துச்சு போல, ரெண்டு கையாலயும் புடிச்சு, பல்லைக் கடிச்சுத் திருகுச்சு. தண்ணி கொப்பளிச்சு எங்க பக்கம் ஓடுச்சு. அது கையில துரு. பாவாடையில தொடைச்சுக்கிட்டே சொல்லுச்சு:

"அன்னைக்கு வந்தவங்க அப்புறம் வரவே இல்ல பெரியம்மா."

"வராட்டிப் போறாங்க. வேற வருவாங்க. நீ கவலப்படாத"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அது திரும்பிப் போயிடுச்சு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு நல்லது சொன்னாலும் மூஞ்சி சுண்டிப்போவுது.

நாங்க ரெண்டு பேரும் வெறுங்கையால மூட்டு மூட்டா மண்ணைக் கிண்டி உரத்தை வழிச்சோம். அவரு ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. எது அவரு வச்சது, எது நான் வச்சதுன்னு யாரு கண்டா. கை ரெண்டும் எரிஞ்சுபோச்சு. ஒரு பக்கமா தண்ணி பாஞ்சுக்கிட்டே இருக்கு. முக்காவாசிக் கன்னு பொழச்சுருச்சும்மா. ரோட்டோரத்துத் தெக்கு வரிசை பூராப் போயிடுச்சு. அந்த வரிசையிலதான் நான் ஆசை ஆசையா நெறைய வச்சது. அவரும் அங்கதான் நெறைய வச்சாராம். கருகுன கன்னைப் புடுங்கும்போது, "சுகந்திக்கு எளநின்னா உசுரு, ரோட்டோரமா இருக்கறது சீக்கிரம் காய்க்கட்டும்னு வச்சேன்"னாரு. பேரை எடுத்துட்டாரு பாரு. அவரே போட்ட சட்டம். நான் ஒண்ணும் கேட்டுக்கல, நமக்கெதுக்கு.

இப்ப பேசிக்கறோம். அதுல ஒண்ணும் கொறை இல்ல. "தண்ணி விட்டாச்சா", "விட்டாச்சு". "எரு வைக்கலாமா", "பொறு, மழை வரட்டும்". கன்னுக்கு ஏதாச்சும் செய்யணும்னா ஒருத்தரை ஒருத்தரு கேட்டுக்கிட்டுத்தான் செய்யறோம். மத்தபடி வேற பேச்சு இல்ல. பேத்திக்குக் காது குத்து நாளைக்கு, அதுக்குத்தான் நான் மன்னார்குடி போறேன். அவருகிட்டச் சொல்லல. கேட்டா சொல்லியிருப்பேன். கேக்கணும்ல? காலையில நான் பொடவை மாத்தறதைப் பாத்தாரு, பையைப் பாத்தாரு. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பையைத் தூக்கியாந்தாரு. பஸ்சு வந்துச்சு, ஏத்தி விட்டாரு. அம்புட்டுதான்.

ஒரு விசயத்துல மட்டும் நான் உசாராயிட்டேன். ஒட்டுக் கேக்கறாருன்னு தெரிஞ்ச அன்னையிலேருந்து தோப்புல போன் பேசறதை நிறுத்திட்டேன். அடுப்படியில கதவைச் சாத்திக்கிட்டு, ஸ்பீக்கரையும் போடாம, நல்ல காதுல வச்சு மெதுவாப் பேசறேன். கொழந்தை இப்ப "தா... தா"ங்குது. யாரைச் சொல்லுதோ.

இவரு என்னடான்னா, கன்னுக்கு இப்ப உரமும் கெடையாது, தண்ணி பாய்ச்சறதும் காலையிலயே முடிஞ்சிரும். ஆனாலும் சாயங்காலம் ஆனா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுத் தோப்புக்குக் கெளம்பிடறாரு. அந்த மொட்டைக் கொட்டாய்க்குப் பின்னால குத்துக்கால் போட்டு உக்காந்துக்கறாரு. வெளக்கு வைக்கிற வரைக்கும். "அங்க என்ன இருக்கு?"ன்னு ஒரு நாளு கேட்டும் பாத்தேன். "ஒண்ணும் இல்ல"ன்னாரு. ஒண்ணும் இல்லாத எடத்துல ஒரு மனுசன் தெனம் போயி எதுக்கும்மா உக்காந்திருக்கணும்? எனக்குப் புரியவே இல்ல.

என்னம்மா, ஏன் என்னை அப்பிடிப் பாக்குற? உன் ஸ்டாப்பு வந்துருச்சா?